ஜூலைப் பிள்ளையும் ஆகஸ்ட் பிள்ளையும்

ஏப்ரல் பிறந்துவிட்டால், மதுரை ஒத்தக்கடையில் காய் வாங்கப் போனாலும் யாராவது ஒருவர் நிறுத்திக் கேட்டுவிடுவார்: "டீச்சர், நம்ம பயலுக்கு ஜூலைக் கடைசியில பொறந்த நாளு. இந்த வருசமே ஒண்ணாப்புல போட்ரலாமா, இல்ல ஒரு வருசம் கழிச்சுப் போடவா?" மேலூர் ரோட்டை ஒட்டிய ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். சர்வீஸில் பெரும்பகுதி ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகளோடுதான் போயிருக்கிறது. என் மகளும் ஜூலைப் பிள்ளை. அதனால் இந்தக் கேள்விக்கு டீச்சராகப் பதில் சொன்னதும் உண்டு, அம்மாவாக உட்கார்ந்து யோசித்ததும் உண்டு.

கேட்பவர்களுக்கு வேண்டியது 'போடுங்க', 'போடாதீங்க' என்று ஒரே வார்த்தை. எனக்கு அப்படிச் சொல்ல வாய் வராது. சேர்க்கிற வயது முக்கியம்தான். ஆனால் சேர்த்த பிறகு முதல் மூன்று வருடம் அந்தப் பிள்ளையை யாரோடு நிறுத்தி அளக்கிறோம், என்ன பேர் வைக்கிறோம் என்பதுதான் பின்னால் மார்க்கில் வந்து நிற்கிறது என்று நான் நினைக்கிறேன். அதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

முதலில் கணக்கு. தமிழ்நாட்டில் ஜூலை 31-க்குள் ஐந்து வயது நிறைந்தால் ஒன்றாம் வகுப்பு. இந்த ஜூலை 30-ல் ஐந்து முடிந்த பையனும், அதே வருடம் ஆகஸ்ட் 2-ல் ஆறு முடியப் போகிற பிள்ளையும் ஒரே பாயில் உட்காருவார்கள். இருவருக்கும் நடுவே ஏறக்குறைய பன்னிரண்டு மாதம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஒரு வருடம் என்பது அது வாழ்ந்த வாழ்க்கையில் ஐந்தில் ஒரு பங்கு. பத்தாம் வகுப்பு எழுதும்போது அதே ஒரு வருடம் பதினைந்தில் ஒரு பங்கு. இடைவெளி அதேதான், ஆனால் அதன் கனம் குறைந்துகொண்டே போகிறது. பெரும்பாலான பெற்றோருக்கு இதைச் சொன்னதுமே பாதி பயம் இறங்கிவிடும்.

ஆனால் ஒன்றாம் வகுப்பில் அந்தக் கனம் லேசுப்பட்டதல்ல. ஜூன் மாதம் கரும்பலகையில் 'இ' எழுதிப் போட்டுவிட்டுப் பின்னால் வந்து நின்று பார்ப்பேன். ஆகஸ்ட்காரி பென்சிலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து, நடுவிரலில் சாய்த்து, சுழியை எங்கே ஆரம்பித்தாளோ அங்கேயே கொண்டுவந்து முடிப்பாள். பக்கத்தில் ஜூலைக்காரன் உலக்கையைப் பிடிக்கிற மாதிரி முஷ்டியில் பிடித்திருப்பான். முழங்கையிலிருந்து கை மொத்தமாக அசையும். சுழி போட ஆரம்பித்தால் கோட்டைத் தாண்டி அடுத்த வரிக்குப் போய், அங்கிருந்து திரும்பத் தெரியாமல் பேப்பரை நோட்டோடு திருப்புவான். ரப்பர் போட்டு அழித்து அழித்துத் தாள் ஓட்டையாகிவிடும். பிறகு என்னை ஒரு பார்வை பார்ப்பான்.

இது சோம்பேறித்தனமும் இல்லை, மூளைக் குறைவும் இல்லை. பிறக்கும்போது மணிக்கட்டில் உறைந்த எலும்பே கிடையாது, எல்லாம் குருத்தெலும்பு. எட்டு சிறு எலும்புகள் ஒவ்வொன்றாக உறைந்து வர எட்டு வயதும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். ஐந்து வயதில் பத்து மாதம் முன்னே பின்னே இருப்பது கையில் அப்படியே தெரியும். அந்தப் பையனிடம் நோட்டை வாங்கி வைத்துவிட்டு, மணல் பரப்பிய தட்டில் ஒரு விரலால் 'இ' போடச் சொன்னால் சரியாகப் போடுவான். எழுத்து அவனுக்குத் தெரியும். கை இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். சத்துணவு சாப்பிட்ட பிறகு இரண்டு மணிக்குத் தூங்கி விழுகிறவர்களைப் பாருங்கள், முக்கால்வாசி இந்தக் கடைசி மாதத்துப் பிள்ளைகளாகத்தான் இருக்கும். நான் எழுப்புவதில்லை. அரை மணி நேரம் தூங்கி எழுந்த பிள்ளை நாலு மணி வரை படிக்கும். எழுப்பி உட்கார வைத்த பிள்ளை நாலு மணி வரை அழும்.

2022-ல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது பிள்ளைகளை அவர்கள் கற்ற நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தோம். வகுப்பு எதுவானாலும் எழுத்துகளைக் கற்றுக்கொண்டிருப்பவர்கள் அரும்பு. மூன்றாம் வகுப்புப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு சந்தேகத்தில், அரும்பு பேர்களுக்குப் பக்கத்தில் சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்துப் பிறந்த தேதியைப் பென்சிலால் எழுதினேன். ஏப்ரல், மே, ஜூன், ஜூலை என்றுதான் வரிசையாக வந்தது. கொரோனாவில் பள்ளி பூட்டிக் கிடந்த காலத்தில் எல்லோருக்கும் நஷ்டம்தான், இந்தக் கடைசி மாதத்துப் பிள்ளைகளுக்குக் கூடுதல் நஷ்டம். அந்தப் பட்டியலில் ஆகஸ்டில் பிறந்த ஒரு பெண்ணும் இருந்தாள். அவளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், அவள் கதை வேறு.

என் வகுப்பில் மட்டும் காண்கிற விஷயமல்ல இது. பல நாடுகளில் நான்காம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரே மாதிரி வைக்கப்படும் கணித, அறிவியல் தேர்வின் மதிப்பெண்களை எடுத்துக்கொண்டு பெடார்ட், டூயி என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2006-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். நூறு பேரைத் தர வரிசையில் நிறுத்தினால், வகுப்பில் வயது குறைந்த பிள்ளைகள் வயது கூடியவர்களைவிட நான்காம் வகுப்பில் 4 முதல் 12 இடம் வரை பின்னால் நின்றார்கள். எட்டாம் வகுப்பில் அது 2 முதல் 9 இடமாகக் குறைந்தது. குறைகிறது, ஆனால் தானாகவே துடைத்துப் போய்விடவில்லை. 'எல்லாம் தன்னால சரியாப் போயிரும்' என்று சொல்கிறவர்கள் இதையும் கவனிக்க வேண்டும்.

அப்படியானால் ஒரு வருடம் தள்ளிப் போட்டால் பிள்ளை கெட்டிக்காரனாகிவிடுமா? இங்கேதான் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பள்ளியில் தாமதமாகச் சேர்ந்த பிள்ளை, தேர்வு எழுதும்போதும் வயது கூடியவனாகவே இருக்கிறான். அவன் நல்ல மார்க் வாங்கினால் அது தாமதமாகச் சேர்த்ததன் பலனா, இல்லை அன்றைக்கு வயது கூட இருந்ததாலா? வகுப்புக்குள் இருந்து பார்த்தால் இரண்டையும் பிரிக்கவே முடியாது. நார்வேயில் அதைப் பிரிக்க ஒரு வழி கிடைத்தது. அங்கே ஆண் பிள்ளைகள் 18 வயதை ஒட்டி ராணுவத் தேர்வுக்காக அறிவுத்திறன் சோதனை எழுதுவார்கள். எந்த வகுப்பு என்ற கணக்கு அங்கே கிடையாது. பிளாக், டெவெரூ, சல்வானெஸ் மூவரும் அந்தக் கணக்கை வைத்து 2011-ல் எழுதியதன் சாரம் இது: தேர்வன்றைக்கு என்ன வயது என்பது மதிப்பெண்ணைப் பெரிதாக மாற்றுகிறது, எந்த வயதில் பள்ளியில் சேர்ந்தான் என்பதால் வருகிற மாற்றம் மிகச் சிறியது, அதுவும் சீக்கிரம் சேர்ந்தவர்களுக்குத்தான் துளி சாதகம். தாமதமாகச் சேர்ந்தவர்கள் வேலைக்கும் தாமதமாகப் போனதால் இருபதுகளில் அவர்களின் வருமானம் சற்றுக் குறைவு, முப்பது வாக்கில் அதுவும் சமமாகிவிட்டது.

எனக்கு இதைப் படித்ததும் என் அப்பா ஞாபகம் வந்தது. அவர் காலத்தில் பிறப்புச் சான்றிதழ் எங்கே இருந்தது? பள்ளிக்கூட வாசலில் பையனை நிறுத்தி, வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டால் ஐந்து வயது, தொடாவிட்டால் அடுத்த வருடம் வா. யோசித்துப் பார்த்தால் மடத்தனம் இல்லை. சிறு பிள்ளைக்கு உடம்போடு பார்க்கத் தலை பெரிது, கை குட்டை; கை நீண்டு காது எட்டுவது ஒருவித வளர்ச்சி அடையாளம்தான். என் அப்பா வயதுக்கு மீறிய உயரம். நாலு வயதில் காதைத் தொட்டுவிட்டார். ஹெச்.எம். ஜூன் 1 என்று ஒரு பிறந்த தேதியை எழுதி, ஐந்து வயது என்று உள்ளே விட்டார். அந்தத் தலைமுறையில் நம் பக்கத்தில் எத்தனை பேருக்கு ஜூன் 1 பிறந்த நாள் என்று கணக்கெடுத்தால் சிரிப்பாகத்தான் இருக்கும். அப்பா படிப்பில் ஒன்றும் குறைந்து போகவில்லை. ஆனால் ரிட்டயர்மெண்ட் ஒரு வருடம் முன்னாடியே வந்துவிட்டது. "ஒரு வருசச் சம்பளத்தைக் காது தின்னுருச்சு" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

என் மகள் விஷயத்துக்கு வருகிறேன். அவளும், வில்லாபுரத்தில் இருக்கிற என் அண்ணன் மகனும் ஒரே வருடம் ஒன்றாம் வகுப்பு, வெவ்வேறு பள்ளி. அவன் ஆகஸ்ட் முதல் வாரம், இவள் ஜூலைக் கடைசி. வீட்டு விசேஷத்துக்கு எல்லோரும் கூடினால் முதல் பேச்சே இதுதான். அவன் ஸ்லோகம் மாதிரி இரண்டாம் வாய்ப்பாட்டை ஒப்பிப்பான், ரேங்க் கார்டைக் காட்டுவான். இவள் என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். என் மாமியார், "ஒரு வருசம் வீட்ல வச்சிருந்து அனுப்பியிருக்கலாம்த்தா" என்பார். என் அம்மாவோ, "அஞ்சில் வளையாதது அம்பதுல வளையுமா? வச்சிருந்து என்ன செய்றது?" என்பார். இரண்டு பேருக்கும் நடுவில் நான் பூரி சுட்டுக்கொண்டிருப்பேன்.

அவள் படித்த பள்ளியில் டைரியில் 'ஸ்லோ' என்று சிவப்பு மையில் எழுதி அனுப்புவார்கள். என்ன ஸ்லோ என்று போய்க் கேட்டேன். போர்டில் எழுதிப் போட்டதை எல்லோரும் எழுதி முடித்த பிறகும் இவள் பாதியில் இருக்கிறாளாம். வாசிக்கிறாளா என்றேன். வாசிக்கிறாளே, நன்றாகவே வாசிக்கிறாள் என்றார்கள். கணக்கு? வாயால் சொல்லிவிடுகிறாள். அப்படியானால் பிள்ளை ஸ்லோ இல்லை டீச்சர், கைதான் ஸ்லோ. பத்து வரிக்குப் பதிலாக அஞ்சு வரி எழுதட்டும், மீதியை வாயால் கேளுங்கள் என்று சொன்னேன். அந்த டீச்சருக்கு நாற்பதுக்கு மேல் பிள்ளைகள். அவரை எனக்குத் தெரியாதா, நானும் அதே தொழில்தானே. ஆனாலும் ஒத்துக்கொண்டார். டைரியில் அந்த வார்த்தை வருவது நின்றது. வீட்டில் நாங்களும் அதைச் சொல்வதில்லை என்று கறாராக இருந்தோம். மூன்றாம் வகுப்பில் கையெழுத்து வந்துவிட்டது. ஆறு, ஏழில் யார் எந்த மாதம் என்று மார்க்கைப் பார்த்துச் சொல்ல முடியாது. இப்போது கல்லூரியில் இருக்கிறாள்.

அண்ணன் மகன் ஐந்தாம் வகுப்பு வரை முதல் ரேங்க். உட்கார்ந்து படிக்க வேண்டிய அவசியமே அவனுக்கு வந்ததில்லை. ஒன்பதாம் வகுப்பில் கணக்கு கடினமானபோதுதான் முதல் தடவையாகத் தடுமாறினான். அவனைத் 'தானாகப் படிக்கிற பிள்ளை' என்று சொல்லியே வளர்த்திருந்ததால், டியூஷன் வேண்டும் என்று கேட்கவே அவனுக்குக் கூச்சமாக இருந்தது. பிறகு சமாளித்துக்கொண்டான். இரண்டு பிள்ளைகளை வைத்துச் சட்டம் போட முடியாது, போடவும் இல்லை. ஆனால் கொஞ்சம் பெரிய பிள்ளைகள் நடுவே உட்காருவது சின்னதுக்கு எல்லா விதத்திலும் கெடுதல் என்ற நினைப்பு சரியில்லை. எல்டர், லுபோட்ஸ்கி என்ற இருவர் அமெரிக்கப் பிள்ளைகளைப் பற்றி 2009-ல் வெளியிட்ட ஆய்வில், கூடப் படிப்பவர்கள் வயதில் பெரியவர்களாக இருந்தால் ஒரு பிள்ளையின் மதிப்பெண் கூடுகிறது என்று இருக்கிறது. கூடவே, அதே பிள்ளையை 'இவனுக்குக் குறைபாடு இருக்கிறது' என்று முத்திரை குத்துவதும், அதே வகுப்பில் மறுபடி உட்கார வைப்பதும் கூடுகிறதாம். கற்றுக்கொள்வதும் கூடுகிறது, கெட்ட பேரும் கூடுகிறது. என் மகள் கதையே அதுதான்.

கெட்ட பேர் என்பது நம் ஊரில் 'மந்தம்', 'சேட்டை', 'மண்டையில ஏறல'. பாண்டி கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டுவதோடு முடிந்துவிடும். நகரத்துப் பள்ளிகளில் இப்போது அது கவனக்குறைவு, அதீதத் துறுதுறுப்பு என்ற வியாதிப் பேரோடு வருகிறது. உண்மையிலேயே அந்தப் பிரச்சினை இருக்கிற பிள்ளைகள் உண்டு, அவர்களுக்கு மருத்துவ உதவி வேண்டும். ஆனால் 2018-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஆய்வு ஒன்றை எல்லாப் பெற்றோரும் தெரிந்துகொள்வது நல்லது. செப்டம்பர் 1 கெடு வைத்திருக்கிற அமெரிக்க மாநிலங்களில், ஆகஸ்டில் பிறந்த, அதாவது வகுப்பிலேயே சின்னப் பிள்ளைகளுக்கு இந்த நோய்க்குறி எழுதப்படுவது, செப்டம்பரில் பிறந்தவர்களைவிட 34 சதவீதம் அதிகம். ஒரு மாதம் முன்னே பின்னே பிறந்ததால் மூளையில் வியாதி வந்துவிடாது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பெரிய பிள்ளையோடு ஒப்பிட்டதால் வந்த வித்தியாசம் அது. நம் கணக்கில் அந்த இடத்தில் இருப்பவர்கள் ஜூலைப் பிள்ளைகள்.

இப்போது மறுபக்கம். தள்ளிப் போடுவதால் நன்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். டென்மார்க்கில் ஒரு வருடம் தாமதமாகச் சேர்ந்த பிள்ளைகளிடம் ஏழு வயதில் கவனச் சிதறலும் துறுதுறுப்பும் கணிசமாகக் குறைந்திருந்தன, பதினோரு வயதிலும் அது நீடித்தது என்று டீ, சீவர்ட்சென் இருவரும் காட்டியிருக்கிறார்கள். ஆனால் டென்மார்க்கில் அந்த ஒரு வருடம் பிள்ளை நல்ல விளையாட்டுப் பள்ளியில் இருக்கும். நம் ஊரில் அந்த ஒரு வருடம் எங்கே போகும்? கே.கே. நகரில் வீட்டில் கதைப் புத்தகமும், பேசிக்கொண்டிருக்க ஒரு தாத்தாவும் இருக்கிற பிள்ளைக்கு அது ஒரு மாதிரி. அம்மா நூறு நாள் வேலைக்கும் அப்பா கட்டட வேலைக்கும் போய், அப்பத்தாவோடு ஆட்டுக்குப் பின்னால் அலைகிற பிள்ளைக்கு அது வேறு மாதிரி. நான் மேலே சொன்ன எல்டர், லுபோட்ஸ்கி கணக்கும் இதையே சொல்கிறது: பெரிய பிள்ளைகளுக்கு ஆரம்பத்தில் இருக்கிற சாதகம், பள்ளிக்கு வருமுன் வீட்டில் கற்றுக்கொண்டதால் வருவது, வசதியான வீடுகளில் அது அதிகம், பள்ளி போகப் போக அது கரைகிறது. வீட்டில் கற்க வழியில்லாத பிள்ளையை 'முதிரட்டும்' என்று வீட்டில் வைத்திருப்பதில் எனக்கு உடன்பாடே கிடையாது. சத்துணவில் கிடைக்கிற முட்டையும் போய்விடும்.

தள்ளிப் போடுவதென்றால் பால்வாடிக்கு ஒழுங்காக அனுப்புங்கள். 2019 முதல் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருக்கிற 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. நடக்கிறது. பக்கத்தில் இருந்தால் விடாதீர்கள். தனியார் பள்ளி என்றால், முடிவு எடுக்க வேண்டிய இடம் ஒன்றாம் வகுப்பு அல்ல, எல்.கே.ஜி. இரண்டரை வயதில் ப்ரீ-கே.ஜி.யில் போட்டுவிட்டு, மூன்று வருடம் கழித்து 'சின்னப் பிள்ளையாக இருக்கிறானே' என்று யு.கே.ஜி.யிலேயே மறுபடி உட்கார வைப்பார்கள். கூட இருந்தவர்கள் எல்லாம் மேலே போய்விட, அந்தப் பிள்ளை மட்டும் அதே அறையில் புதுப் பிள்ளைகளோடு உட்காரும். அதன் முகத்தைப் பார்த்தவர்கள் இதைச் செய்ய மாட்டார்கள். காக்க வைப்பதானால் வாசலுக்கு வெளியிலேயே காக்க வையுங்கள்.

பின்னால் வரப்போகிற கெடு தேதிகளையும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். புதிய தேசியக் கல்விக் கொள்கை ஒன்றாம் வகுப்புக்கு ஆறு வயது என்கிறது. நரிமேட்டிலும் திருப்பரங்குன்றத்திலும் இருக்கிற கேந்திரிய வித்யாலயாக்களில் மார்ச் 31-க்குள் ஆறு முடிந்திருக்க வேண்டும், 2022 முதல் அப்படித்தான். ரயில்வே, ராணுவம், வங்கி என்று ஊர் ஊராக மாறுகிற குடும்பம் என்றால் ஐந்தில் சேர்த்த பிள்ளை அங்கே மாறும்போது சிக்கல் வரலாம். நீட் தேர்வுக்கு, சேருகிற வருடம் டிசம்பர் 31-க்குள் 17 வயது முடிந்திருக்க வேண்டும். ஜூலை 31 கணக்கில் ஐந்து முடித்துச் சேர்ந்த பிள்ளைக்குப் பிரச்சினையில்லை. நாலரைகூட நிறையாமல் எப்படியாவது திணித்துவிட்ட பிள்ளைதான் பிளஸ் டூ முடித்துவிட்டு ஒரு வருடம் வெறுமனே உட்கார வேண்டி வரும். ஆறு மாதம் அவசரப்பட்டு என்ன லாபம்? விஜயதசமியன்று நெல்லில் 'அ' எழுத வைப்பது வேறு. மூன்று வயதில் மடியில் உட்கார வைத்து எழுத வையுங்கள், ரொம்ப நல்லது. அதோடு அடுத்த நாளே யூனிஃபார்ம் தைக்கக் கொடுத்துவிடாதீர்கள்.

தேதியைத் திருத்திக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், ஆதார் எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம். சான்றிதழில் பிள்ளை பேர் இல்லாமல் 'ஆண் குழந்தை' என்றே வைத்திருக்கிறவர்கள் இன்னும் நிறையப் பேர் வருகிறார்கள். பிறந்து ஒரு வருடத்துக்குள் பேர் சேர்த்தால் கட்டணம் கிடையாது, அதன் பிறகு பதினைந்து வருடம் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். சான்றிதழே இல்லை என்பதற்காக ஒன்றாம் வகுப்பில் சேர்க்க மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது, அதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளை தயாரா என்று எப்படிப் பார்ப்பது? ஏ, பி, சி, டி சொல்கிறானா, ஒன்று முதல் நூறு சொல்கிறானா என்று நான் கேட்பதே இல்லை. ஒண்ணுக்கு வருகிறது என்று வாய் திறந்து சொல்வானா? டவுசரைத் தானே கழற்றி மாட்டுவானா? சாப்பாட்டு டப்பா மூடியைத் திறப்பானா? "அந்த டஸ்டரை எடுத்து, ஜன்னல்ல வச்சுட்டு வா" என்றால் இரண்டையும் செய்வானா, பாதியில் மறந்து ஜன்னல் வழியாக வேடிக்கை பார்ப்பானா? அடி பட்டால் எங்கே வலிக்கிறது என்று சொல்வானா? ஒரு சின்னக் கதை முடிகிற வரை உட்காருவானா? இதில் முக்கால்வாசி வந்துவிட்டால் ஜூலை என்ன, எந்த மாதமானாலும் கூட்டி வாருங்கள். ஒன்றும் வரவில்லை, அம்மாவை விட்டுவிட்டு நிற்கவே மாட்டேன் என்கிறான் என்றால் பால்வாடியில் ஒரு வருடம் இருக்கட்டும்.

பட்டியலில் இருந்த ஆகஸ்ட் பெண் கதையை இப்போது சொல்லிவிடுகிறேன். வகுப்பிலேயே பெரியவள், ஆனால் எழுத்துக் கூட்டுவதில் கடைசி. பின்னாலிருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். 'திமிரு' என்று வீட்டில் சொன்னார்கள். பள்ளிக்கு வருகிற நடமாடும் மருத்துவக் குழு பார்த்தபோது இரண்டு காதிலும் சீழ். பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தியம் பார்த்தார்கள். காது சரியாகி வந்த பிறகு அடுத்த பொங்கலுக்குள் வாசிக்க ஆரம்பித்துவிட்டாள். சின்னப் பிள்ளை பின்தங்கினால் பொறுத்துப் பார்க்கலாம். வயது கூடிய பிள்ளை பின்தங்கினால் பொறுக்கவே கூடாது, கண்ணையும் காதையும் உடனே காட்டிவிட வேண்டும். பிறந்த தேதியைத் தெரிந்து வைத்திருப்பதில் எனக்குக் கிடைத்த பெரிய உபகாரம் இதுதான்.

ஆக, ஜூலையில் ஐந்து முடிகிற பிள்ளையோடு வருகிறவர்களிடம் நான் சொல்வது இவ்வளவுதான். மேலே கேட்டவற்றுக்குப் பிள்ளை தேறினால் சேருங்கள். முதல் வாரத்திலேயே வகுப்பு டீச்சரிடம், "டீச்சர், இவன் ஜூலைக் கடைசி, வகுப்புலயே சின்னவனா இருப்பான்" என்று ஒரு வார்த்தை போட்டுவையுங்கள். பிறந்த தேதி பதிவேட்டிலும் எமிஸ் என்கிற கணினிப் பதிவிலும் இருக்கும், ஆனால் வகுப்பு நடத்தும்போது யாரும் அதைத் திறந்து வைத்துக்கொண்டிருப்பதில்லை. முதல் பெஞ்சில் உட்கார வைக்கச் சொல்லுங்கள். அரையாண்டு வரை எழுத்தைவிட வாசிப்பையும் பேச்சையும் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட வேண்டுமென்று கை அரித்தால், அதன் பிறந்த மாதத்தைக் கேட்டுவிட்டு ஒப்பிடுங்கள். இரண்டாம் வகுப்பு முடிகிற வரை தினமும் ராத்திரி பத்து நிமிடம் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து வாசிக்கக் கேளுங்கள். படிக்கத் தெரியாத அம்மாவாக இருந்தாலும் பரவாயில்லை, "அப்பறம் என்னாச்சு?" என்று கேட்டால் போதும். சேர்க்கைக்கு வரும்போது பிறப்புச் சான்றிதழ், ஆதார், ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ் இருந்தால் அது, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ரெண்டு கொண்டு வாருங்கள். காலையில் பிரேயர் முடிந்த பிறகு வந்தால் நின்று பேச நேரம் இருக்கும்.